குருவிக்கு விட்ட ஓட்டை

கூரை பற்றிக்கொண்டால் மலையில் யாரும் தண்ணீருக்கு ஓடுவதில்லை. ஓடியும் பிரயோஜனமில்லை. காய்ந்த மஞ்சம்புல்லில் ஒரு பொறி விழுந்தால், சுனையில் குடத்தை முக்கித் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்து போயிருக்கும். உள்ளே இருக்கிற ஆளை இழுத்துப் போடுவார்கள், ஆட்டை அவிழ்த்து விடுவார்கள், பிறகு தள்ளி நின்று பார்ப்பார்கள். சுந்தரம்மாளின் வீடு எரிந்த அன்று இழுத்துப் போடவும் ஆளில்லை. ஊரே சாமை அறுப்பில் இருந்தது. மூன்று வயதுப் பையன் சடையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்கு மறுவருஷம் பிறந்தவள்தான் செந்தாமரை. அவளைச் சுந்தரம்மாள் வீட்டுக்குள் தனியாக விட்டதே இல்லை. கொல்லைக்குப் போனால் முதுகில், சுனைக்குப் போனால் இடுப்பில். "அந்தப் பொண்ணு ஆத்தா இடுப்புலயே கெழவி ஆயிடும்" என்று பெண்கள் கேலி பேசினார்கள். பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெற்று எரியக் கொடுத்தவளுக்கு அல்லவா தெரியும் அந்தப் பயம்.

எரிந்த இடத்திலேயே புருஷன் கோவிந்தன் வேறு வீடு கட்டினான். மலையில் வீடு கட்டுவது கல்யாணப் பந்தல் போடுகிற மாதிரிதான். மூங்கிலை நட்டு, குறுக்கே குச்சி பின்னி, செம்மண்ணைக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே புல் வேய்ந்தால் தீர்ந்தது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. அடுப்பு உள்ளேதான் எரியும். புகை எந்த வழியாகப் போகிறது என்று எந்தக் காலத்திலும் எவரும் யோசித்ததில்லை. அது புல்லுக்குள் கசிந்து தானாகவே போய்விடும். விடியற்காலையில் தூரத்திலிருந்து பார்த்தால் களிப்பானை மூடியைத் திறந்த மாதிரி கூரை முழுக்க ஆவி பறந்துகொண்டிருக்கும்.

சுவருக்குக் கடைசிப் பூச்சு பூச மட்டும் ஊரில் யார் வீடு கட்டினாலும் சுந்தரம்மாளைக் கூப்பிடுவார்கள். மண்ணும் சாணியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து அவள் கையால் மெழுகிய சுவரில் எறும்பு நுழைய இடமிருக்காது. ஆனால் தன் வீட்டுச் சுவரை அவள் ஒருநாளும் பெருமையாகப் பார்த்ததில்லை. அவள் கண்ணெல்லாம் கூரைமேல்தான்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்துக்குப் பெரிய கட்டடம் எழுப்பினபோது கோவிந்தன் ஜல்லி சுமக்கக் கூலிக்குப் போனான். திரும்பி வந்து கதை கதையாகச் சொன்னான். அதில் சுந்தரம்மாள் காதில் ஏறியது ஒன்றுதான்.

"சாம்பலாட்டம் ஒரு பொடிமே. மணலும் ஜல்லியும் போட்டு, தண்ணி ஊத்திக் கொழைச்சி, கம்பிமேல கொட்டிட்டா அப்படியே பாறையாப் பூடுது. கூரையே பாறை!"

"அது நெருப்பு புடிக்குமா?"

"இன்னாமே கேள்வி இது? பாறை எங்கனா எரியுமா?"

அவள் அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அரசாங்கத்தில் தொகுப்பு வீடு கட்டித் தரப்போவதாக ஜீப்பில் வந்து சொன்னார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. கல்கட்டடத்தில் சாமி இருக்கலாம், மனுஷன் இருக்கலாமா என்றார்கள். அத்தனை கனத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்றார்கள். சுந்தரம்மாள் ஒருத்திதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். "எனுக்கு மொதல்ல கட்டிக் குடுங்க சாமி. எம் பொண்ணு புள்ளத்தாச்சி ஆவறதுக்குள்ள கட்டிக் குடுங்க."

செந்தாமரையைப் பக்கத்து ஊர் தீர்த்தகிரிக்குக் கட்டிக்கொடுத்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் வயிற்றில் இன்னும் ஒன்றும் தரிக்கவில்லை. அதனால் என்ன? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். மகள் வந்து பெறுகிற நாளில் தலைக்குமேல் புல் இருக்கக் கூடாது. சுந்தரம்மாளுக்கு அந்த ஒரு வேண்டுதல்தான்.

கட்ட வந்தவன் கண்ணமங்கலத்துப் பக்கத்து மேஸ்திரி தங்கவேல். வாய்க்கு வாய் சிரிப்பு, பேச்சுக்குப் பேச்சு கிண்டல். லாரி தார்ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து சிமெண்டு மூட்டையும் செங்கல்லும் தலைச்சுமையாகத்தான் ஏறவேண்டும். கோவிந்தன் மூட்டை சுமந்தான், சுந்தரம்மாள் கல் சுமந்தாள். அவள் கொடுக்கிற கேழ்வரகுக் களியையும் தேனையும் தின்றுகொண்டே தங்கவேல் தன் தொழிலைப் பற்றி அளப்பான்.

"எங்க அப்பா காலத்துல கூரைக்கு மெத்தை போடணும்னா சும்மாவாக்கா? உத்தரம் போட்டு, கட்டை அடுக்கி, செங்கல்லக் குத்துக்கல்லா நிறுத்தி, சுண்ணாம்பு அரைச்சி, கடுக்காத் தண்ணி ஊத்தி, பொம்பளைங்க வரிசையா ஒக்காந்து பாட்டுப் பாடிக்கினே நாள்கணக்கா இடிப்பாங்க. இப்ப பாரு, காத்தால ஆரம்பிச்சா பொழுது சாயறதுக்குள்ள மெத்தை ரெடி."

சொன்னபடி செய்தும் காட்டினான். வைகாசியில் ஒருநாள் பலகை அடித்து, கம்பி கட்டி, ஊர்ப்பெண்கள் கைக்குக் கை சட்டி மாற்ற, இருட்டுவதற்குள் கூரையைக் கொட்டி முடித்தான். முடித்த கையோடு சொன்னான், இனிமேல் இதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும், காயவே விடக் கூடாது, காய்ந்தால் வெடித்துவிடும் என்று. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. வீட்டைக் கட்டி அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்களா? மண்சுவர் கட்டினவனுக்கு மழைதானே எமன்! சுந்தரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கோடையில் சுனை வற்றிக் கிடந்தது. கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டிக் குடத்தை நிரப்பி, ஏணிமேல் ஏறி ஊற்றினாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத அன்றும் கூரைக்கு ஊற்றினாள்.

பலகை பிரித்த அன்று அவள் செய்த காரியத்தை ஊர் இன்னும் சொல்லும். ஒரு பிடி மஞ்சம்புல்லைக் கம்பு நுனியில் கட்டிக் கொளுத்தி, உள்ளே போய்க் கூரையின் அடியில் பிடித்தாள்.

"இன்னாக்கா, எம் மெத்தைக்குச் சூடம் காட்றியா?" என்றான் தங்கவேல்.

புல் திகுதிகுவென்று எரிந்து சாம்பலாகிக் கொட்டியது. கூரையில் உள்ளங்கையளவு கரி படிந்தது. அவ்வளவுதான். சுந்தரம்மாள் கம்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "சடையா, சடையா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தக் கூரை அன்றைக்கே இருந்திருந்தால் அவள் பிள்ளை இந்நேரம் மீசை முளைத்து நின்றிருப்பான்.

தங்கவேலுக்குச் சங்கதி தெரியாது. யாரோ செத்த பிள்ளை என்று மட்டும் புரிந்தது. அழுகிற பெண்பிள்ளை முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் கழித்து அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே சுவரில் செங்கல்லளவுக்கு விட்டிருந்த இரண்டு சந்துகளைக் காட்டி, "இது இன்னாத்துக்கு மேஸ்திரி, ரெண்டு ஓட்டை?" என்று கேட்டாள்.

வேறு நேரமாக இருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் அப்போது அவனுக்குத் தோன்றியது. "அதுவா? குருவிக்குக்கா. கீழ எல்லாம் வூட்டுக்கு வூடு குருவிக்கு எடம் உட்டுத்தான் கட்டுவோம். குருவி வந்து கூடு கட்டிச்சின்னா அந்த வூட்ல புள்ளப்பேறு நல்லாருக்கும்."

சுந்தரம்மாள் ஈரக்கண்ணோடு சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல மறந்தும் போனான். அவள் அந்தப் பேச்சை மறக்கவில்லை. வீட்டில் எந்தக் கல்லுக்கு எந்த வேலை என்று அவன் சொன்னதையெல்லாம் நம்பினவள் இதை மட்டும் ஏன் நம்பாமல் இருக்கவேண்டும்?

அதற்குள் அதே வரிசையில் மற்றவர்களுக்கும் வீடு எழும்பியிருந்தது. ஆவணியில் மாலை போட்டுச் சாவி கொடுத்தார்கள். வந்த அதிகாரி, மலைமக்கள் முன்னேறிவிட்டார்கள் என்று நெடுநேரம் பேசினார். அந்த வீட்டுக்குள் எப்படிக் குடியிருக்க வேண்டும் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுமாடு வாங்கிக் கொடுப்பவன்கூட முட்டுமா உதைக்குமா என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை நீட்டுவான்.

செந்தாமரை கார்த்திகையில் வயிறும் தானுமாக வந்தாள். சமையலுக்கு வெளியே ஒரு புல்கொட்டகை போட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவர் கரியாகிவிடும் என்று அடுப்பை உள்ளே வைக்கச் சுந்தரம்மாள் சம்மதிக்கவில்லை. மார்கழி பிறந்து குளிர் எலும்பைக் கடித்த ஒரு காலையில், அவள் வேண்டிக்கொண்டபடியே, எரியாத கூரைக்குக் கீழே பெண்குழந்தை பிறந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள், அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது என்றார்கள்.

பிள்ளை பெற்றவள் உடம்புக்குக் குளிர் ஆகாது. புளியங்கட்டைத் தணலைச் சட்டியில் வாரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பது மலையில் எல்லாத் தாயும் மகளுக்குச் செய்வதுதான். சுந்தரம்மாளுக்கு அவள் அம்மா செய்தாள். புல்வீட்டில் செய்தாள். முதலில் கொஞ்ச நாள் குழந்தை பார்க்க வருகிறவர்களும் போகிறவர்களுமாகக் கதவு திறந்தே கிடந்தது. பிறகு தூறல் பிடித்துக்கொண்டது. மூடுபனி இறங்கி, எதிர்வீடு தெரியாமல் போயிற்று. குருவிக்கு விட்ட ஓட்டை வழியாக ஊதல்காற்று நேராகக் குழந்தை தலைமேல் இறங்கியது.

"குருவி அப்பறமா வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுந்தரம்மாள் மண் குழைத்தாள். சாணியும் வைக்கோலும் சேர்த்து, இரண்டு சந்தையும் அடைத்து, ஈரக்கையால் வழவழவென்று மெழுகினாள். ஜன்னல் கதவைச் சாத்தி இடுக்கில் துணி செருகினாள். அவள் கை பட்ட பிறகு காற்று எங்கே நுழையும்? அறை கதகதப்பானது. செந்தாமரை போர்வையை விலக்கிக்கொண்டு, "இப்பதான்மா வூடு வூடாட்டம் கீது" என்றாள்.

மறுநாளும் தூறல். காலையிலிருந்தே செந்தாமரை முகம் சுளித்துக்கொண்டிருந்தாள். "தலை நோவுதும்மா. கொமட்டிக்கினு வருது."

"குளுரு ஏறிச்சிடி. படு, தணல் வெக்கிறேன்."

மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் படுத்ததும் சட்டியில் இன்னும் நான்கு கங்கு வாரிப் போட்டாள். குழந்தை சிணுங்கி அழுதது. அழுதால் இவள் தூங்கமாட்டாள், தூங்கினால்தான் தலைநோவு போகும். குழந்தையை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "அழுவுதே, எங்கம்மா இட்டுக்கினு போற?" என்று செந்தாமரை அரைக்கண்ணில் கேட்டாள். "கொட்டாயிலதான் இருப்பேன். நீ நிம்மதியாத் தூங்கு கண்ணு" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினாள். காற்று புகாமல் இருக்க வாசற்படியில் சாக்கை மடித்து அண்டக் கொடுத்தாள்.

கொட்டகையில் அடுப்புச் சூட்டில், அவள் கண்ணெதிரே குழந்தை தூங்கியது. சுந்தரம்மாள் களி கிண்டினாள், மருந்துக் கஷாயம் காய்ச்சினாள். எழுப்ப மனசு வரவில்லை. பாவம், எத்தனை நாளாகத் தூங்காத பெண். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கதவைத் திறந்தாள்.

செந்தாமரை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. தணல் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று பெற்றவளுக்கு அந்தக் கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. "எழுந்திருமே, புள்ளைக்குப் பால் குடு" என்று தோளைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அலறலை எழுதிக் காட்ட முடியாது. ஊர் கூடியது. தீர்த்தகிரி வந்து தலையில் அடித்துக்கொண்டான். மெத்தை வீடு காவு வாங்கிவிட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. சாமி இருக்கவேண்டிய கல்லில் மனுஷன் குடியேறினால் இப்படித்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புதுவீட்டைக் காலி செய்துவிட்டு, உள்ளே ஆடு கட்டினார்கள், புளி கொட்டி வைத்தார்கள். தீர்த்தகிரி குழந்தையைப் பாட்டியிடமே விட்டுப்போனான்.

சுந்தரம்மாளின் கதிதான் கதி. புல்கூரையையும் நம்ப முடியவில்லை, கல்கூரையையும் நம்ப முடியவில்லை. ஒன்று மகனைத் தின்றது, ஒன்று மகளைத் தின்றது. பனி குறைந்ததும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கிற வெட்டவெளிப் பாறைக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தாள். கோவிந்தன் கம்பும் கம்பளியுமாகப் பின்னாலேயே போனான்.

பங்குனியில் இரண்டாம் வரிசை வீடுகளுக்கு இடம் பார்க்கத் தங்கவேல் மலையேறினான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. நேராகச் சுந்தரம்மாளைத் தேடி வந்தான். அவள் குழந்தையும் இடுப்புமாக வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பேத்தியாக்கா? நான் சொல்லல, புள்ளப்பேறு நல்லாருக்கும்னு!" என்றபடி உள்ளே போனான். கொத்தனார் கண் எங்கே போகும்? சுவரைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான், அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா இது, ரெண்டு ஓட்டையையும் இப்படி மெழுகி வெச்சிருக்க? பொகை போற வழியாச்சே. மூச்சு முட்டிச் செத்துப்போவீங்க எல்லாரும்!"

சுந்தரம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சொன்ன மேஸ்திரி?"

"பொகை போற வழிக்கா. இது புல்லுவூடா, தானாப் போறதுக்கு? சிமெண்டு கூரைல ஊசி முனை சந்து கெடையாது. உள்ள தணல் வெச்சா அதோட வெஷக்காத்து அப்படியே நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. போன வருசம் வேலூர் பக்கம் கட்டடத்துல காவலுக்கு இருந்த ஆளு, குளுருக்குக் கரிச்சட்டி வெச்சிக்கினு கதவச் சாத்திட்டான். மொதல்ல தலை நோவுதுன்னானாம். அப்பறம் கொமட்டல். அப்பறம் தூக்கம்தான். காத்தால பாத்தா ஆளு இல்ல, ஆனா மூஞ்சி மட்டும் செவசெவன்னு..."

அவன் விவரம் தெரிந்தவன் தோரணையில் சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொன்றும் சுந்தரம்மாளுக்குத் தெரிந்த சங்கதி. தலைநோவு தெரியும். குமட்டல் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவளே அவள்தானே.

"ஆமா, எங்கக்கா செந்தாமர? புள்ளைய உன் தலைல கட்டிட்டு எங்க போச்சி?"

சுந்தரம்மாள் கட்டில் கிடந்த இடத்தைக் காட்டினாள். கட்டில் அங்கே இல்லை. "இங்கதான் தூங்கிச்சி. தணல நான்தான் வெச்சேன். கதவ நான்தான் சாத்தினேன்" என்றாள். பிறகு மெதுவாக, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், "குருவிக்குன்னு சொன்னியே தம்பி" என்றாள்.

தங்கவேல் தலைத்துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். அழுகிற பெண்ணைச் சிரிக்க வைக்கத்தானே சொன்னான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் எழுந்து, "நான் எடுத்து உடறேங்க்கா" என்று உளியை எடுத்தான். அவள் தடுத்தாள். குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, கடப்பாரையோடு ஏணியில் ஏறினாள். அவள் பூச்சு லேசில் வருமா? கல்லாக இறுகியிருந்தது. குத்தினாள், மறுபடி குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் மண்ணும் வைக்கோலும் அவள் முகத்திலேயே கொட்டின. பெரிய மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதில் அவளுடைய நான்கு விரல் தடமும் அச்சாகப் பதிந்திருந்தது. சந்து திறந்து வெயில் உள்ளே விழுந்ததும், கீழே இருந்த குழந்தை கண் கூசி அழுதது.

அன்று சாயங்காலம் அவள் ஊரைக் கூட்டிச் சொன்னாள். "வூடு ஒன்னும் பண்ணல. காவும் இல்ல கீவும் இல்ல. பொகை போற வழிய நான்தான் அடைச்சேன். நீங்க யாரும் அடைக்காதீங்க." ஒருத்தி காறித் துப்பினாள், இரண்டு பேர் அழுதார்கள். வழியை எதற்காக அடைத்தாய் என்று கேட்டவர்களிடம், தெரியாமல் அடைத்தேன் என்றாள். குருவிப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. தங்கவேல் கூட்டத்துக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றிருந்தான். மறுநாள் மலையிறங்கிப் போனவன், இரண்டாம் வரிசைக்கு வேறு மேஸ்திரியை அனுப்பினான்.

சுந்தரம்மாள் பேத்தியோடு அந்த வீட்டிலேயே குடியேறினாள். மற்றவர்களும் ஆட்டை வெளியே கட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

சித்திரையில் எங்கிருந்தோ ஒரு ஜோடி குருவி வந்தது. ஊரில் அத்தனை வீடு இருக்க, அவள் வீட்டுச் சந்தில்தான் வந்து உட்கார்ந்தது. வைக்கோலும் சருகுமாகக் கொண்டுவந்து திணித்தது. சுந்தரம்மாள் காலையில் எழுந்ததும் ஏணி போட்டு ஏறி, அத்தனையையும் வழித்து வெளியே போட்டாள். குருவி மறுபடி கொண்டுவந்தது. அவள் மறுபடி வழித்துப் போட்டாள். இப்படியே தினமும் நடந்தது.

பக்கத்து வீட்டு முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி உனுக்கு வந்த கேடு? வாயில்லாத சீவன். கூட்டக் கலைச்சாப் பாவம்டி. குருவி கூடு கட்டினா வூட்ல புள்ளப்பேறு நல்லாருக்கும்னு சொல்வாங்க, தெரியாதா?"

"தெரியும். சொல்வாங்க" என்றாள் சுந்தரம்மாள். ஏணியில் நின்றபடியே சந்துக்குள் கையை விட்டு, மிச்சம் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலையும் இழுத்துக் கீழே போட்டாள்.